பட்டம் விட்ட கைகளும் ட்ரோன் செலுத்தும் கைகளும்

யூபிலி மலர்க் குழுவினர் எம்மை அணுகி, "கட்டுரை ஒன்று வேண்டும், ஆனால் இம்முறை இலக்கியம் வேண்டா, இக்காலத்துப் பொருள் ஒன்றைப் பற்றி எழுதித் தாருங்கள்" என்று கேட்டபோது யாம் சற்றுத் திகைத்தோம். தமிழாசிரியனிடம் இலக்கியம் வேண்டா என்பது, கங்காணியாரிடம் கொழுந்தைப் பற்றிப் பேசவேண்டா என்பதற்கு ஒப்பாகும். ஆயினும் சென்ற ஆண்டு நமது கல்லூரி இல்ல விளையாட்டுப் போட்டியிற் கண்ட காட்சியொன்று எம் நினைவுக்கு வந்தது. மைதானத்துக்கு மேலே நான்கு விசிறிகள் சுழலச் சிறு பொறியொன்று வண்டுபோல் ரீங்காரம் செய்துகொண்டு அந்தரத்தில் நின்றது. மாணவர் அனைவரும் அண்ணாந்து நோக்கினர். நானூறு மீற்றர் ஓட்டத்தில் முன்னணியில் ஓடிய சிறுவனும் அண்ணாந்து நோக்கினான்; நோக்கியதன் பயனாக மூன்றாமிடம் பெற்றான்.

அப்பொறியைச் செலுத்தியவர் மாணவர் அல்லர். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பழைய மாணவர். அவருக்கு மனைவியுண்டு, பிள்ளைகள் இருவருண்டு, அப்பொறியை வாங்கிய வகையிற் கடனுமுண்டு. அவரைப்போல் அட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகளில் இப்பொறியைக் கைக்கொண்டிருக்கும் நம் பழைய மாணவர் வேறு சிலரையும் யாம் அறிவோம். குடும்பப் பாரத்தைச் சுமக்கும் வயதில், விளையாட்டுப் பொருள்போல் தோன்றும் ஒன்றுக்கு மாதக்கணக்கான வருவாயைச் செலவிட இவர்களைத் தூண்டியது யாது? இதுவே யாம் எழுத எடுத்துக்கொண்ட பொருள்.

முதலிற் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ட்ரோன் என்னும் ஆங்கிலச் சொல் ஆண் தேனீயைக் குறிப்பது. 1935ஆம் ஆண்டளவிற் பிரித்தானியர், தம் பீரங்கி வீரர் சுட்டுப் பழகுவதற்காக ஆளின்றிச் செல்லும் விமானமொன்றை அமைத்து அதற்கு இராணித் தேனீ என்று பெயரிட்டனர். இராணித் தேனீ இருக்கும் இடத்தில் ஆண் தேனீ தோன்றுவது இயல்பே; பெயர் அவ்வழியாக வந்தது என்பர். தமிழில் ஆளில்லா வானூர்தி என வழங்கலாம். நம்மவருட் சிலர், புறநானூற்றிலேயே ஓட்டுவோன் இல்லாத வான ஊர்தி கூறப்பட்டுள்ளது, ஆகவே பண்டைத் தமிழர் ட்ரோன் செய்தனர் என்று மேடைதோறும் முழங்குவர். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய பாட்டில் அவ்வூர்தி வருவது உண்மையே. ஆனால் அது புலவராற் பாடப்பெறும் புகழுடையோர் விண்ணுலகு செல்லும் ஊர்தி. அதில் ஏறினோர் திரும்பி வருவதில்லை! அதனைப் பொறியியல் நூலாக்குதல் புலவருக்கும் பெருமையன்று, பொறியியலுக்கும் பெருமையன்று.

எம் பொருளுக்கு நெருங்கிய ஊர்தி வேறொன்று உண்டு. சீவக சிந்தாமணியிற் சச்சந்தன், தன் நாடு பகைவர் கைப்படும் என்று அஞ்சி, கருவுற்றிருந்த மனைவி விசயைக்காக மயில் வடிவிற் பொறியொன்று செய்வித்து, அதனை இயக்கவும் அவளைப் பழக்கினான். அப்பொறியிற் பறந்து சென்று அவள் இறங்கிய இடம் சுடுகாடு. அங்கேதான் சீவகன் பிறந்தான். காப்பியத்தில் வரும் அவ்வூர்தி போருக்கும் அன்று, பொருளீட்டற்கும் அன்று. மனைவியையும் மகனையும் காக்க ஒரு தந்தை நினைந்து செய்தது. (மலர்க் குழுவினர் மன்னிப்பாராக. இலக்கியம் இவ்வளவோடு நிற்கும்.)

இனி நம் மலைநாட்டுக்கு வருவோம். ட்ரோன் வைத்திருக்கும் எவரையும் "ஏன் வாங்கினீர்?" என்று கேட்டாற் கிடைக்கும் முதல் விடை தொழில் என்பதே. கலியாண வீட்டுப் படம், கோயில் தேர்த் திருவிழா, உல்லாசப் பயணிகளின் விடுதி விளம்பரம், காணி அளவை என்று அடுக்குவர். அவ்விடை பொய்யன்று, ஆனால் முழுமையுமன்று. தேநீர் ஒரு கோப்பை அருந்தும் நேரம் பொறுத்திருந்தால் இரண்டாவது விடை வரும். "எங்கள் தாத்தா நல்லாப் பட்டம் கட்டுவார், சேர்" என்று அது தொடங்கும். யாம் பேசிப் பார்த்தவர்களுள் இவ்விரண்டாம் விடையைக் கூறாதவர் ஒருவரே. அவரும் தம் தந்தையார் வானொலிப் பெட்டிகளைப் பிரித்துப் பூட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்.

யாழ்ப்பாணத்துப் பட்டங்களின் புகழ் எல்லோரும் அறிந்தது. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டிக்காகத் தந்தையும் மக்களும் மாமன்மாரும் வாரக்கணக்கில் முற்றத்திலிருந்து வேலை செய்வர். கொக்கு, பிராந்து, எட்டுமூலை என்று அவற்றுக்குச் சாதிப் பெயர்கள் உண்டு. விண் பூட்டிய பட்டம் இரவெல்லாம் வானிற் கூவும். மலைநாட்டுப் பட்டத்துக்கு அத்தகைய பெயருமில்லை, விழாவுமில்லை. விளக்குமாற்றிலிருந்து களவாக உருவிய ஈர்க்கு இரண்டு, பழைய செய்தித்தாள், கோதுமை மாவைக் காய்ச்சிய பசை, வாலுக்குக் கிழிந்த சேலைக் கரை: இவ்வளவே அதன் உறுப்புகள். நூல்தான் அரிது. எம் அன்னையார் உர மூட்டையின் வாயைத் தைத்த நூலை அறுக்காமல் மெல்ல உருவி, முடிச்சிட்டுச் சேர்த்து, பழைய தகரப் பேணியிற் சுற்றி வைப்பார். கொழுந்து பறித்து மரத்துப்போன விரல்களால் அம்முடிச்சுகளை இட்டார் என்பதை யாம் அந்நாளிற் கருதினோம் அல்லோம்.

லயத்துப் பிள்ளைக்குப் பட்டம் விட இடமும் எளிதில் வாய்க்காது. காம்பராவுக்கு முன்னே இஸ்தோப்பு, அதற்கு முன்னே காண், அதனைக் கடந்தால் தேயிலை. ஓடுவதற்குப் பிரட்டுக்களம் ஒன்றே உண்டு. ஆனால் மலைநாட்டுப் பிள்ளைக்கு மட்டும் கிடைத்த பேறு ஒன்றுளது. மேற்கணக்கு மலையின் உச்சியில் ஏறி நின்று பட்டத்தை விட்டால், விட்டவனும் பட்டத்தோடு ஒரே உயரத்தில் நிற்பான்; கீழே தன் லயத்துக் கூரையும், பீலிக்கரையும், புள்ளிகளாய் அசையும் கூடைகளும், அவற்றுள் எது தன் அம்மா என்று தேடும் விளையாட்டும் அவனுக்கு உண்டு. சமவெளியிற் பிறந்தோன் விமானத்தில் ஏறித்தான் தன் வீட்டை மேலிருந்து காணவேண்டும். மலைநாட்டான் ஏழு வயதிலேயே கண்டுவிடுகிறான். ட்ரோனின் கண்ணாடித் திரையில் இன்று அவன் காண்பது புதுக் காட்சியன்று, பெரிதும் பழங்காட்சியே.

நாற்பதைக் கடந்தோர் தம் வாழ்வைத் திரும்பி நோக்குங்கால், பத்து முதல் முப்பது வயது வரையான நினைவுகளே ஏனையவற்றினும் மிகுதியாக எழும் என்பது உளநூலார் கண்ட முடிபு. யாம் கண்ட வரையில், அந்நினைவு தானே எழுவதுமில்லை. ஒருவருக்கு மகன் பிறந்து, அவன் நடந்து, கையைப் பிடித்திழுத்து, "அதோ பருந்து" என்று காட்டும் நாளில் அது எழுகிறது. தன் கையில் நூலைத் தந்தவர் இப்போது இல்லையே என்பதும் அந்நாளிலேதான் தெரிகிறது.

வானம் நமக்கு இன்ப நினைவுகளை மட்டும் தந்ததன்று. 1974 திசம்பர் 4ஆம் நாள் இரவு, இந்தோனேசியாவின் சுராபாயா நகரிலிருந்து மக்கா யாத்திரிகரை ஏற்றிவந்த ஒல்லாந்து நாட்டு விமானமொன்று, கட்டுநாயக்காவில் இறங்குதற்கு முன், மஸ்கெலியாப் பகுதியிலுள்ள ஏழு கன்னியர் மலையில் மோதிச் சிதறியது. அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். எம் பெற்றோர் தலைமுறையினர் அவ்விரவைப் பற்றிக் குரல் தாழ்த்திப் பேசக் கேட்டே யாம் வளர்ந்தோம். அதனால் எம் போன்றோர்க்குச் சிறுவயதில் ஆகாயவிமானம் என்பது மலையில் மோதும் பொருள். இன்று ட்ரோன் செலுத்தும் நம்மவர் ஒவ்வொருவரும் மலைச்சரிவை நோக்கி அதனைச் செலுத்தும்போது கையைச் சற்றுப் பின்வாங்குகின்றனர். அனுபவத்தாற் பின்வாங்குவதாக அவர்கள் நினைக்கின்றனர். பாட்டிமார் சொன்ன கதைக்கும் அதிற் பங்குண்டு என்பது எம் எண்ணம்.

பிற நாட்டிலும் இவ்வாறுதானா எனின், ஆம். வானூர்தி வரலாறே ஒரு தந்தை வாங்கிவந்த விளையாட்டுப் பொருளிலிருந்து தொடங்குகிறது. 1878ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாதிரியார் மில்ற்றன் றைற் பயணத்திலிருந்து வீடு திரும்பியபோது, தக்கையும் மூங்கிலும் கடதாசியும் கொண்டு செய்து, இறப்பர் நாடா முறுக்கிற் பறக்கும் சிறு பொம்மை ஒன்றை மறைத்து எடுத்து வந்து தம் புதல்வரை நோக்கி எறிந்தார். அது கீழே விழாமல் மேலே சென்றது. வில்பருக்கு அப்போது பதினொரு வயது, ஓர்விலுக்கு ஏழு. பொம்மை உடைந்தபின் அவர்கள் அதைப்போலப் பெரியதாகச் செய்து பார்த்தனர். பெரியது பறக்க மறுத்தது. ஏன் மறுத்தது என்னும் வினா அவர்களை விட்டு நீங்கவில்லை. அவர்தம் அன்னையார் வண்டி செய்யும் தொழிலாளி ஒருவரின் மகளார். தந்தையின் பட்டறையிற் கருவிகளைப் பழகியவர். 1899இல் வில்பர் தம் கருத்தைச் சோதிக்க முதலிற் கட்டியது விமானமன்று, ஐந்தடி அகலமுள்ள பட்டமே. 1903 திசம்பர் 17இல் ஓர்வில் பன்னிரண்டு விநாடி பறந்தார். கடந்த தூரம் 120 அடி. பொம்மை வந்த நாளிலிருந்து இருபத்தைந்து ஆண்டுகள் சென்றிருந்தன. 1910இல், எண்பத்தொரு வயதான அத்தந்தையார் மகனோடு முதன்முறையாக வானிலேறி, இன்னும் உயரே போ என்று மகனைத் தூண்டினார் என்பது எமக்கு மிக விருப்பமான செய்தி.

அவ்வரலாற்றில் இன்னொரு செய்தியும் உண்டு. ஆசிரியராயினார் அதனைக் கருத்தூன்றிப் படித்தல் நன்று. சிறுவன் ஓர்வில் வகுப்பில் மரத்துண்டுகளை வைத்து ஏதோ செய்துகொண்டிருக்கக் கண்ட ஆசிரியை, என்ன செய்கிறாய் என்று வினவினார். தானும் அண்ணனும் ஒருநாள் பறக்கப்போகும் பொறி என்று அவன் விடை கூறினான். அந்த அம்மையார் அதனைப் பிடுங்கி எறிந்ததாக வரலாறு கூறவில்லை.

இராமேசுவரத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பாசிரியராயிருந்த சிவசுப்பிரமணிய ஐயர், பறவை எவ்வாறு பறக்கிறது என்பதைக் கரும்பலகையிற் படம் வரைந்து விளக்கினார். ஒரு மாணவன் விளங்கவில்லை என்றான், அவர் சினந்தாரல்லர். மாலையிற் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, இறக்கையை அடித்தும் வாலைத் திருப்பியும் பறக்கும் பறவைகளைக் காட்டினார். அம்மாணவரே அப்துல் கலாம். பின்னர் சென்னை குரோம்பேட்டைத் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர ஏறக்குறைய ஆயிரம் ரூபா தேவைப்பட்டபோது, தமக்கை சோகரா தம் பொன்வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். அதே கல்லூரி வளாகத்தில், பல்லாண்டு கழித்து, தக்சா என்னும் மாணவர் குழு ஆளில்லா வானூர்திகளைச் செய்து, 2018இல் அவுஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ உதவி வானூர்திப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. தமக்கையின் வளையல்கள் எவ்வளவு தூரம் பறந்தன என்று எண்ணிப் பாருங்கள்.

பெண்களைப் பற்றிக் கூறவந்த இடத்தில் ஒன்றை மறைத்தல் கூடாது. பட்டம் கட்டித் தந்த தாத்தாவை நினைந்துருகும் நம்மவருள் எவரேனும் தம் தங்கையின் கையிற் பட்ட நூலைக் கொடுத்ததுண்டா? நூல் உருவித் தந்தவர் தாய். பசை காய்ச்சியவள் தமக்கை. பறக்கவிட்டவன் மட்டும் ஆண்பிள்ளை. இந்தியாவில் 2023ஆம் ஆண்டு, பயிருக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன்களைப் பதினையாயிரம் பெண்கள் சுய உதவிக் குழுக்களுக்கு வழங்கும் திட்டம் வகுக்கப்பட்டது. முதுகிற் கொழுந்துக் கூடை சுமக்கும் நம் பெண்களுக்கு இக்கருவி என்றேனும் எட்டுமாயின் அதைவிட மகிழத்தக்கது வேறில்லை.

கருவியின் இயல்பைச் சிறிது விளக்குவோம். பட்டத்தைக் காற்றுத் தள்ளுகிறது, நூல் இழுக்கிறது. இரண்டும் சமமாக நிற்கும் வரையிற் பட்டம் நிற்கும். நூல் அறுந்தாற் பட்டம் விழும். ட்ரோனுக்கு நூல் இல்லை. நான்கு விசிறிகளுள் இரண்டு வலமாகவும் இரண்டு இடமாகவும் சுழல்வதால் அது பம்பரம்போற் சுற்றாமல் நிற்கிறது. முன்னுள்ளவை மெதுவாகவும் பின்னுள்ளவை விரைவாகவும் சுழன்றால் முன்னோக்கிச் சாய்ந்து முன்னே செல்லும். தன் சாய்வை அது ஒரு விநாடியிற் பல நூறு முறை தானே உணர்ந்து திருத்திக்கொள்கிறது. தான் நிற்குமிடத்தைச் செய்மதிகளிடம் கேட்டறிகிறது. சிறுவயதில் முச்சையைச் சரிபார்க்க நாம் நூலைச் சுண்டிச் சுண்டிப் பார்த்தோமே, அவ்வேலையை இங்கே பொறி செய்கிறது.

மலைநாட்டில் இதனைச் செலுத்துவோர்க்குச் சமவெளியார் அறியாத இடர்கள் உள. நுவரெலியா நகர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. மெல்லிய காற்றில் விசிறி விரைந்து சுழலவேண்டும். ஆகவே மின்கலம் விரைவிற் சோரும். சாதாரணமாக அரைமணி நேரத்துக்குட் பறந்து திரும்பும் பொறி இங்கே இன்னும் முன்னதாகத் திரும்பியாக வேண்டும். மூடுபனி திடீரென்று ஏறிவந்து பொறியையும் கண்ணையும் ஒருங்கே மறைக்கும். எல்லாவற்றினும் பெரிய இடர் வேறு. திரையிற் காட்டப்படும் உயரம், பெரும்பாலான பொறிகளில், பொறி புறப்பட்ட இடத்திலிருந்து அளந்த உயரமே ஆகும்; அதன் கீழேயுள்ள நிலத்திலிருந்து அளந்ததன்று. பள்ளத்தில் நின்று மலையை நோக்கிச் செலுத்துபவன், திரை அறுபது மீற்றர் என்று காட்டுவதைக் கண்டு மகிழ்ந்திருக்க, பொறி தேயிலைச் செடியில் இடித்து வீழ்ந்து கிடக்கும். மின்கலம் சோர்ந்து தானே வீடு திரும்பும் பொறியும் நேர்கோட்டில் வருவதால், இடையிலுள்ள முகட்டிலோ நிழல் மரத்திலோ மோதுவதுண்டு. உச்சியில் நின்று பட்டம் விட்டவர்கள் இவ்வுண்மையை விரைவில் விளங்கிக்கொள்கின்றனர். தாழ்ந்த இடத்திலிருந்து விட்டாற் பட்டம் எங்கே சிக்கும் என்பதை அவர்கள் பத்து வயதிலேயே பட்டறிந்தவர்கள் அல்லரோ!

சட்டத்தையும் மறத்தலாகாது. நம் நாட்டிற் சிவில் விமான சேவைகள் அதிகாரசபை இப்பொறிகளுக்கான பதிவையும் அனுமதியையும் விதித்துள்ளது. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின் சில காலம் இவை முற்றாகத் தடைசெய்யப்பட்டன. பிறர் இல்லத்தின் மேலே நின்று உள்ளே நோக்கும் கண்ணாக இதனை ஆக்குதல் சட்டத்துக்கும் மாறு, பண்புக்கும் மாறு. லயத்தில் வாழ்ந்தோர்க்கு மறைவிடம் என்பது எவ்வளவு அரியது என்று விளக்க வேண்டுவதில்லை.

இனி, எழுதலாமா விடலாமா என்று பலநாள் எண்ணிய பகுதிக்கு வருகிறோம்.

ஏறக்குறைய இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், யாம் இளம் ஆசிரியராகத் தோட்டப் பாடசாலை ஒன்றிற் கற்பித்துக்கொண்டிருந்தோம். எட்டாம் வகுப்பில் இலக்கணம் நடந்துகொண்டிருந்தபோது, பின்வாங்கில் இருந்த சிறுவன் ஒருவன் மேசைக்கடியிற் பட்டமொன்றின் வாலைத் திருத்திக்கொண்டிருக்கக் கண்டோம். அழைத்தோம். அப்பட்டத்தை வாங்கி, வகுப்பார் காண, முழங்காலில் வைத்து முறித்தோம். வகுப்பு சிரித்தது. அவன் அழவில்லை, முறிந்த மூங்கிற் கீற்றுகளைப் பொறுக்கிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு இருக்கைக்குப் போனான். அக்கீற்றுகள் ஈர்க்கல்ல, நன்றாகச் சீவிய மூங்கில் என்பதை அப்போது கவனித்தோம். கண் மங்கி, கை நடுங்கும் அவன் தாத்தா இரண்டு நாளாக இருந்து சீவியவை என்பதைப் பின்னர் அவன் தமக்கை சொல்ல அறிந்தோம். அறிந்தும் ஒன்றும் செய்தோம் அல்லோம். ஆசிரியர் மன்னிப்புக் கேட்பது அந்நாளில் எமக்குத் தெரிந்த இலக்கணத்தில் இல்லை.

அவனே பின்னர் நமது கல்லூரியிற் சேர்ந்து உயர்தரம் கற்றான். அவரே விளையாட்டுப் போட்டியன்று மைதானத்தில் நின்றவர். யாம் அன்று அவரருகிற் செல்லாமற் பார்வையாளர் கொட்டகையின் பின்புறமாக வீடு திரும்பினோம் என்பதையும் எழுதிவிடுகிறோம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் வந்தது. நாடெங்கும் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் சரிவுகள் பல பெயர்ந்து வீழ்ந்தன. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுட் புதைந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார். அவ்விடம் அபாயமானது என்ற எச்சரிக்கை அதற்கு முன்னரே கொடுக்கப்பட்டிருந்தது. மண் சரியுமுன் சில குறிகளைக் காட்டும். சரிவின் மேற்பகுதியிற் பிறைபோல் வெடிப்பு விழும். நிமிர்ந்த மரங்கள் ஒருபக்கம் சாயும். கதவுகள் நிலையோடு இறுகும். ஊற்று நீர் திடீரெனக் கலங்கும் அல்லது நின்றுபோகும். லயத்தில் இருப்போர்க்குக் கதவும் ஊற்றும் தெரியும்; உச்சியிலுள்ள வெடிப்புத் தெரியாது. அதனைத் தேயிலை மூடியிருக்கும்.

மழை ஓய்ந்த ஐந்தாம் நாள் அவர் எம் இல்லத்துக்கு வந்தார். "சேர், உங்கள் பழைய லயத்துப் பக்கம் பறக்கவிட அனுமதி எடுத்திருக்கிறேன். மலைக்கு வழிகாட்ட ஆள் வேண்டும்" என்றார். எம் அன்னையார் இன்றும் அந்த லயத்தை விட்டு வர மறுத்து அங்கேயே வாழ்பவர். சென்றோம். அவர் பொறியை மேலே அனுப்பி, ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வரிசை வரிசையாகப் படம் பிடித்தார். அப்படங்களைக் கணினியிற் சேர்த்தால் மேடு பள்ளம் காட்டும் வரைபடமாகுமாம். செடிக்கு அடியிலுள்ளதைப் பொறி காணாது என்பதை அவரே கூறினார். ஆனால் லயத்துக்கு நேர் மேலே, கொழுந்துக்காரர் நடக்கும் ஒற்றையடிப்பாதை ஓரிடத்தில் அறுந்து ஒரு முழம் கீழிறங்கியிருந்தது. அதே உயரத்திற் காண் ஒன்று உடைந்திருந்தது. அவ்விரண்டுக்கும் இடையே நிழல் மரங்கள் நான்கு ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. திரையில் விரலால் அவற்றைத் தொட்டுத் தொட்டுச் சேர்த்தார். பிறை வடிவம் வந்தது.

அதன்பின் இருவரும் கால்நடையாக ஏறிச் சென்று பார்த்தோம். செடிகளை விலக்கியபோது வெடிப்பு இருந்தது. எம் கைத்தடி அதனுட் பாதி இறங்கிற்று. அன்று மாலையே உரியவர்களுக்கு அறிவித்தார். லயத்துக் குடும்பங்கள் பாடசாலைக் கட்டடத்துக்கு மாறின. இதை எழுதும் நாள் வரையில் மலை இறங்கவில்லை. சில குடும்பங்கள் திரும்பிப் போய்விட்டன. போவதற்கு வேறு காணி அவர்களுக்கு இல்லை. ட்ரோன் வெடிப்பைக் காட்டும், காணி தராது.

மலையிலிருந்து இறங்கும் வழியில் யாம் அந்தப் பட்டத்தைப் பற்றிப் பேசினோம். தவறு எம்முடையது என்றோம். அவர் சிறிது நேரம் ஒன்றும் கூறவில்லை. பின்னர், "தாத்தா அந்தக் கீற்றையே நூல் சுற்றி ஒட்டித் தந்தார், சேர். முறிந்த இடம் கனத்துப்போனதால் பட்டம் ஒருபக்கம் சாய்ந்தது. மற்றப் பக்கத்தில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டச் சொன்னார். அன்றைக்குத்தான் சமநிலை என்றால் என்னவென்று விளங்கியது" என்றார். நன்றி கூறுகிறாரா, குற்றம் கூறுகிறாரா என்பது அவர் முகத்திலிருந்து எமக்குத் தெரியவில்லை.

பிரட்டுக்களத்துக்கு வந்ததும் மின்கலத்தில் இன்னும் சிறிது மீதியிருக்கிறது என்று சொல்லி, இயக்கும் கருவியை எம் கையில் வைத்தார். விரல்கள் நடுங்கின. "மெதுவா, சேர். நூலைச் சுண்டுகிற மாதிரி" என்றார். பொறி எழுந்தது. திரையில் முதலிற் களம் தெரிந்தது, பின்னர் பீலிக்கரை, பின்னர் துருவேறிய தகரக் கூரைகளின் வரிசை. மூன்றாம் காம்பராவின் இஸ்தோப்பிலிருந்து மூதாட்டி ஒருவர், பாடசாலைக்குக் கொண்டுசெல்ல மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர், வெளியே வந்து, நெற்றிமேற் கைவைத்து, அண்ணாந்து நோக்கினார்.